முப்பத்தைந்து செக்கன்

என் மனைவியின் இடது கால் முதன்முதலாகச் சொல்வழி கேளாமல் விட்ட காலையில் நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில், நாங்கள் அளந்து வைத்த இருபதாவது கிலோமீற்றரில் ஒரு மதகு இருக்கிறது. அதன் ஓரக் கட்டின்மேல் வெள்ளைப் பெயின்றால் நான் இழுத்த கோடு. பவானி அந்தக் கோட்டைத் தாண்டிச் சைக்கிளை நிறுத்தினாள். வழக்கம்போல இறங்கித் தண்ணீர் கேட்கவில்லை. தலையைக் கைபிடியில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"இடது கால் என்ரை கால் மாதிரி இல்லை. தொடையிலை எரியத் தொடங்கிச்சுது, பிறகு மரக்கட்டை மாதிரிப் போட்டுது. மிதிக்கிறனோ இல்லையோ எண்டே தெரியேல்லை."

"அது கோவத்திலை நிக்குது. நேற்று வலது காலுக்குத்தானே முதல் எண்ணெய் பூசினனி," என்றேன்.

அவளும் சிரித்தாள். ஐந்து நிமிடத்தில் கால் பழையபடி வந்துவிட்டது. என் பகிடிதான் மருந்து என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாய் ஒரு புழுகம். இதை எழுதும்போது அந்தப் புழுகத்தை நினைக்க முகம் சுடுகிறது.

எழுத வேண்டாம் என்று பவானி சொல்லவில்லை. "எழுதுறதெண்டால் என்ரை காலைப் பற்றி மட்டும் எழுதாமல் உங்களைப் பற்றியும் எழுதுங்கோ," என்றாள். ஆகவே எழுதுகிறேன். ஓடுகிற, நீந்துகிற, மிதிக்கிற ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் வாசிக்கட்டும். நோயாளிக்கு இதில் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் இருக்கிறது.

துணுக்காயில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவர்கள். அண்ணன்மார் வயல் செய்கிறார்கள். எனக்குச் சேறு ஒத்துவரவில்லை, கிறீஸ் ஒத்துவந்தது. பவானியின் குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் அறுந்த சங்கிலியோடு என் கடைக்கு வந்தவள், பிறகு கொழும்பில் ஒரு நிறுவனத்தின் சைக்கிளோட்ட அணிக்குச் சம்பளத்துக்கு ஓடும் வீராங்கனை ஆனாள். நான் அதே கடையில் அதே கதிரையில் இருந்தேன். கலியாணத்தன்று ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நானும்தான்.

அவளுடைய போட்டி நேரப்போட்டி (ஒவ்வொருவரையும் இடைவெளி விட்டுத் தனியே அனுப்புவார்கள், முந்திப் போக, ஒட்டிப் போக ஆள் இல்லை, யார் குறைந்த நேரத்தில் வருகிறார் என்பதுதான் கணக்கு). அணியின் பயிற்சியாளர் கொழும்பிலிருந்து போனில் அட்டவணை அனுப்புவார். வன்னியில் அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரி நான். முதுகில் 'பயிற்சியாளர்' என்று அச்சடித்த ரீசேட் ஒன்றுகூடக் கிளிநொச்சியில் செய்வித்தேன். வயிற்றுப் பக்கம் அச்சடித்திருந்தால் எழுத்து இன்னும் விரிந்து தெரிந்திருக்கும். அந்த இருபது கிலோமீற்றரை ஒருமுறையேனும் சைக்கிளில் போகாத பயிற்சியாளர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் போவேன். கழுத்தில் ஸ்டொப்வோச் தொங்கும்.

சைக்கிளில் பூட்டும் சின்ன மீற்றரை அவள் கழற்றச் சொல்லியிருந்தாள். "இலக்கத்தைப் பாத்தால் கால் இலக்கத்துக்குத்தான் மிதிக்குது, வீதிக்கு மிதிக்குதில்லை," என்பாள். ஆகவே நேரம் முழுவதும் என் கையில். மதகடியில் அவள் "எவ்வளவு?" என்று கேட்பாள். நான் சொல்வேன். கொப்பியில் எழுதுவேன்.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொடக்கத்தில் நான் செய்தது குறும்பு. பவானிக்குக் கோபம் வந்தால் கால் நன்றாக வேலை செய்யும் என்று கண்டுபிடித்திருந்தேன். முப்பது நிமிடம் இருபத்திரண்டு செக்கனில் வந்தால் "முப்பது முப்பத்திநாலு" என்பேன். பல்லைக் கடிப்பாள். அடுத்த நாள் இன்னும் வேகமாக வருவாள். சொன்ன பொய் கொப்பியிலும் இருக்கவேண்டுமே, அவள் பிரட்டிப் பார்ப்பாளே. ஆகவே பொய்யையே எழுதினேன். எட்டுச் செக்கன், பத்துச் செக்கன் கூட்டி எழுதுவதில் என்ன பாவம் என்று இருந்தேன். பெரிய உளவியல் நிபுணன் என்று நினைப்பு வேறு.

கால் எரிந்த அந்தக் காலையில் ஸ்டொப்வோச்சில் முப்பத்தொரு நிமிடம் ஐந்து செக்கன் நின்றது. அவள் தலையைத் தூக்கி "எவ்வளவு?" என்று கேட்டாள். அந்த முகத்துக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

"முப்பது முப்பது," என்றேன்.

முகம் தெளிந்தது. "காலில்லாமலே முப்பது முப்பதோ," என்று சிரித்தாள். நான் கொப்பியில் எழுதினேன். முப்பத்தைந்து செக்கன் அப்படிக் காணாமல் போனது.

அதற்குப் பிறகு கால் கிழமையில் ஒருநாள் எரிந்தது. பிறகு ஒவ்வொரு நாளும். முழு வேகத்தில் பத்து நிமிடம் போனதும் தொடங்கும், நின்றதும் போய்விடும். நேரம் கூடிக்கொண்டே போனது. முப்பத்தொன்று இருபது. முப்பத்தொன்று ஐம்பது. நான் கழித்துக்கொண்டே போனேன். ஒரே நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சந்தேகப்படுவாள் என்று இடைக்கிடை இரண்டு மூன்று செக்கன் முன்னேற்றமும் கொடுத்தேன். தாராள மனசு. பழைய பக்கங்களில் கூட்டி எழுதியது, புதிய பக்கங்களில் கழித்து எழுதியது. கொப்பியை முதலிலிருந்து வாசிப்பவருக்கு ஒரு பெண் ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஆறுதலாக, ஒழுங்காக முன்னேறிக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாத முடிவில் அந்த நேரங்களைக் கொழும்புக்கு அனுப்புவதும் நான். "நல்ல வேலை" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டியதும் நான். பாதிக்கு மேல் எனக்காகத்தான் செய்தேன்.

போட்டியில் உண்மை தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

போட்டிகளில் நேரத்தை வேறு ஆட்கள் எடுத்தார்கள். பவானி இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தாள், பிறகு ஒன்பதாம் இடத்துக்கு. வீதியில் நன்றாக ஓடுகிறவள் போட்டியில் மட்டும் விழுகிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அணி முகாமையாளர் சொன்னார், கூட ஓடும் பெண்கள் சொன்னார்கள், கடைசியில் பவானியே சொன்னாள்: "எனக்குப் போட்டி எண்டால் பயம்."

நான் மறுக்கவில்லை. "எல்லாருக்கும் வாறதுதான்," என்றேன்.

வைத்தியர்களிடமும் போகாமல் இல்லை. ஒருவர் தசைப்பிடிப்பு என்று பூசும் மருந்து கொடுத்தார். இன்னொருவர் முள்ளந்தண்டு நரம்பு என்று எக்ஸ்ரே எடுத்தார், படம் சுத்தம். மூன்றாமவர் பொறுமையான மனிதர், கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "காலிலை வருத்தம் எண்டால் பயிற்சியிலும் நேரம் கூட வேணுமே. இதிலை குறைஞ்சுகொண்டெல்லோ வருது. மனதைப் பாருங்கோ பிள்ளை," என்றார். அவரில் பிழையே இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அது சரியான முடிவு. தகவல் கொடுத்தவன் பக்கத்துக் கதிரையில் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

உளவளத்துணைக்கு அனுப்பினார்கள். கண்ணை மூடி நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விடவேண்டும். துணைக்கு நானும் செய்தேன். இரண்டாவது தரமே நித்திரையாகிவிட்டேன். பவானி ஒழுங்காகச் செய்தாள். போட்டித் தொடக்க மேடையில் கண்ணை மூடி, உதடு அசைய எண்ணிக்கொண்டு நிற்பாள். இல்லாத பயத்தை விரட்டுவதற்கு. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டுவேன்.

வழி காட்டியவர் அணியில் தசை பிடித்துவிடும் ஒரு அக்கா. ஒரு போட்டி முடிந்த கையோடு பவானியின் சப்பாத்துகளைக் கழற்றியவர், இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வலதையும் தொட்டார். "ஒண்டு கொதிக்குது, மற்றது ஐஸ் மாதிரிக் கிடக்குது. இது தசை இல்லை தங்கச்சி. இரத்தக் குழாய் பாக்கிறவையிட்டைக் காட்டுங்கோ," என்றார்.

அப்படித்தான் யாழ்ப்பாணத்தில் இரத்தக் குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் கிளினிக்குக்குப் போனோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குரலை உயர்த்தாத பெண். படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பிடிக் கிடக்கேக்கை ரெண்டு காலும் நல்லாய்த்தான் இருக்கு. இவாவின்ரை வருத்தம் சைக்கிளிலைதான் இருக்கு. அடுத்த முறை சைக்கிளைக் கொண்டு வாங்கோ," என்றார்.

கொண்டுபோனோம். தெரிந்த ஒருவரின் மீன் ஏற்றும் கூலர் வாகனத்தில். சைக்கிளையும், அதை நின்ற இடத்தில் நிறுத்தி மிதிக்கும் தாங்கியையும் தோளில் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரி விறாந்தையால் போக, காவலாளி மறித்தார்.

"அண்ணை, சைக்கிள் பார்க் அங்காலை."

"இது நோயாளி," என்றேன். "டொக்டர் வரச் சொன்னவர்."

"ரிக்கெற் எடுத்ததோ?"

பவானி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். அவளை நான் முழு மனதாகச் சிரிக்கவைத்த கடைசித் தரம் அது என்று அப்போது தெரியாது.

அறைக்குள் எங்களுக்கு முன்னால் சூடைமீன் மணம் போனது. பவானி குனிந்து, போட்டியில் மிதிப்பதுபோலக் கால் எரியும்வரை மிதித்தாள். இறங்கின உடனே இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். வலது கணுக்கால் கிட்டத்தட்டக் கையின் அளவு. இடது அதில் பாதி. ஆறு நிமிடத்தில் அதுவும் ஏறிச் சரியாகிவிட்டது. அந்த ஆறு நிமிடத்துக்குள் யாரும் பார்க்காததால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த கிழமை சாயம் ஏற்றி ஸ்கான் எடுத்தார்கள். இடது பக்க வெளி இடுப்பு நாடியில் (வயிற்றிலிருந்து இறங்கித் தொடைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்) உட்சுவர் தடித்து வழி ஒடுங்கியிருந்தது. கொழுப்பு இல்லை, புகை இல்லை. குனிந்தபடி நிமிடத்துக்குத் தொண்ணூறு தரம் இடுப்பை மடித்து மடித்து, வருடக்கணக்கில் அந்தக் குழாய் மடிந்த இடத்தில் காய்ச்சுப் போயிருந்தது. ஆயுளில் பாதியை ரியூப் ஒட்டுவதில் செலவழித்தவன் நான். வீட்டிலிருந்த ரியூப் எனக்குத் தெரியவில்லை.

முடிவு சொல்லும் நாள் வந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒடுக்கம் நடுத்தரம்தான். இதை வைச்சுக்கொண்டே, வேகத்தைக் குறைச்சு இருக்கிற ஆக்கள் உண்டு. வளந்துகொண்டு போகுதெண்டால் வெட்டத்தான் வேணும், விட்டால் ஒருநாள் அடைச்சுப் போடும். நிண்ட இடத்திலை நிக்குதெண்டால் இந்த வயசிலை நான் கத்தி வைக்கமாட்டன். ஆனால் என்னட்டைப் பழைய அளவு ஒண்டும் இல்லை. உங்கடை ஓட்ட நேரம் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

பவானி பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். பெருமையாகக் கொடுத்தாள்.

டொக்டர் நெடுநேரம் பார்த்தார். விசிறி சுற்றியது. என் ரீசேட் முதுகோடு ஒட்டியது.

"ஒன்றரை வருசமாய் நேரம் கூடேல்லை. கொஞ்சம் குறைஞ்சும் இருக்கு. அப்ப இது நிண்ட இடத்திலைதான் நிக்குது. வெட்டத் தேவையில்லை. குனியிறதைக் குறையுங்கோ. ஆறு மாதத்தாலை வந்து காட்டுங்கோ."

நான் எழும்பி நன்றி சொன்னேன். மெய்யாகவே சொன்னேன். சத்திரசிகிச்சை இல்லை, கொப்பியும் தப்பிவிட்டது. விறாந்தை முழுவதும் நடந்து வாசல் கேற் வரை வந்துவிட்டோம். இதை மறைக்காமல் எழுதவேண்டும்: அந்த விறாந்தையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கேற்றடியில் பவானி நின்றாள்.

"நல்லதுதானே," என்றாள். "காலிலை கொஞ்சம்தான் பிழை. மிச்சம் என்ரை பயம். அதை நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் யோசியாதேங்கோ."

எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"தண்ணிப் போத்தலை உள்ளை விட்டிட்டன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அதுவும் பொய்தான். போத்தல் என் கையில் இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அடுத்த நோயாளி உள்ளே போவதற்கிடையில் கதவைத் தள்ளினேன்.

"டொக்டர், அந்தக் கொப்பி பிழை."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் எழுதினது?"

"நான்தான்."

"ஏன்?"

எனக்கு எதற்கும் ஒரு பகிடி கைவசம் இருக்கும். செத்த வீட்டிலும் இருந்திருக்கிறது. அந்த அறையில் ஒன்றும் வரவில்லை. "அவா கவலைப்படுவா எண்டு," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பதில் என்று தெரிந்தது.

"அவா எங்கை?"

"வெளியிலை."

"கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கடை வாயாலை சொல்லுங்கோ. உங்களுக்காக நான் சொல்லமாட்டன்."

பவானி வந்து கதிரையில் இருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். டொக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு ஏறாத மண்டை எனக்கு. ஆனால் கழித்த செக்கன் ஒவ்வொன்றும் திகதியோடு ஞாபகத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். பவானி போனைத் திறந்து போட்டி நேரங்களை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலால் வரிவரியாக இறங்கினாள்.

"முப்பத்தொண்டு அஞ்சு," என்றாள். "அண்டைக்குத்தானே கால் எரியுதெண்டு முதல் சொன்னனான்."

"ஓம்."

"அதுக்குப் பிறகு ஒருநாள்கூட முப்பத்தொண்டுக்குள்ளை வரேல்லையோ?"

"இல்லை."

"போட்டியிலை வந்த நேரமும் இதுவும் ஒண்டுதான்."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப எனக்குப் பயம் இருக்கேல்லை."

"இல்லை பிள்ளை. உங்கடை காலுக்கு இரத்தம்தான் காணாமல் இருந்தது," என்றார் டொக்டர். பிறகு தாளை எடுத்து நேரங்களைப் பார்த்தார். "இது வளந்துகொண்டுதான் போகுது. வெட்டுவம்."

திரும்பி வரும் பேருந்தில் ஆனையிறவு தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை. திறந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அடிக்கவில்லை, அழவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் படிவத்தில் அவள் கையொப்பம் வைத்தாள். கீழே உறவினருக்கு ஒரு இடம் இருந்தது. தாதி என்னைப் பார்த்தார். பவானி சொன்னாள்: "அம்மா போடுவா." மாமி பேனையை என்னிடம் வாங்கித்தான் போட்டார்.

அடிவயிற்றுக்குக் கீழே வெட்டி, குழாயைத் திறந்து, தடித்த உட்சுவரைச் சுரண்டி எடுத்து, அவளுடைய காலிலிருந்தே ஒரு துண்டு நாளத்தை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) எடுத்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். டொக்டர் வெளியே வந்து அதை எனக்குப் படம் கீறி விளங்கப்படுத்தினார். நான் வாழ்நாள் முழுக்கச் செய்யும் வேலை. அதைப் பற்றி வாய்வரை வந்த பகிடியை விழுங்கினேன்.

மாமி எங்களோடு வந்து இரண்டு மாதம் நின்றார். நடந்தது அவருக்குத் தெரியும். ஒரு பின்னேரம் குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் நான் போய் இருந்தேன். திட்டு வாங்கினால் பாரம் குறையும் என்று ஒரு எண்ணம்.

"அவள் கவலைப்படக் கூடாதெண்டுதான் மாமி," என்று தொடங்கினேன்.

"எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க மாப்பிள்ளை," என்றார் அவர், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிறுக்கிறப்ப கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ குறைச்சுத்தான் போடுவாராம். கூடையைத் தூக்குன முதுகுக்குத் தெரியும் எவ்வளவு பாரம்னு. ஆனா தராசு வேற சொல்லும். கடைசில எங்கம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? எனக்குத்தான் வயசாயிருச்சு, பாரம் கூடத் தெரியுதுன்னு."

பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

"அவரு குறைச்சாரு. நீங்க அவ ஓட்டத்தைக் கூட்டினீங்க. முதுகு ஒண்ணுதானே."

திட்டியிருக்கலாம்.

ஆறு கிழமை இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிக்கக்கூடாது. பதிந்த கதிரையில் இருக்கக்கூடாது, குந்தக்கூடாது, குனிந்து செருப்புப் போடக்கூடாது. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் போனவள் கட்டிலிலிருந்து கதவுக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் செருப்புப் போட்டுவிட்டேன். "நன்றி" என்பாள், பிறத்தியாருக்குச் சொல்வதுபோல. அந்த மரியாதை என்னைச் சுட்டது.

உங்கள் வீட்டில் யாராவது, முழு வேகத்தில் மட்டும் ஒரு கால் எரியுது, மரக்குது, நின்றால் போகுது என்று சொன்னால், களைத்த உடனே அழுத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று குளிருதோ என்று. இது அரிதான வருத்தம், அதனால்தான் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று, அவர்களுடைய அளவுகளை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்றால், நேரமோ, நிறையோ, சீனியோ, காய்ச்சலோ, உள்ளபடி சொல்லுங்கள். அந்த இலக்கம் உங்களுடையது அல்ல. தன் உடம்பு சொல்வதை நம்புவதா, நீங்கள் சொல்வதை நம்புவதா என்று வரும்போது, உங்களில் அன்புள்ளவர் உங்களைத்தான் நம்புவார். பவானி தன் காலை விட்டுவிட்டு என்னை நம்பினாள். பதினெட்டு மாதம். ஒரு வீராங்கனையின் நல்ல வருடங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நாலாம் மாதம் மீண்டும் சைக்கிளில் ஏறினாள். கைபிடியை உயர்த்தி, முன்புபோலக் குனியாமல். என் கடையில், என் சாவியை எடுத்து, மீற்றரைத் தானே பூட்டினாள். நான் பின்னால் தண்ணீரோடு போகிறேன். மதகடியில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த வருடம் ஒரு போட்டியில் ஆறாவதாக வந்தாள். மேலே வருவாளா என்று எனக்குத் தெரியாது. ஒட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்று டொக்டரும் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே டொக்டர் ஒரு வேலை தந்திருந்தார். பாதத்தின் மேற்புறம், பெருவிரலுக்கு நேரே கொஞ்சம் மேலே, ஒரு துடிப்பு இருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு நிமிடம் எண்ணி எழுதவேண்டும். துடிப்பு மங்கினால் ஓடி வரவேண்டும். முதல் நாட்களில் மாமி முயன்றார், அவருக்கு விரலில் பிடிபடவில்லை. பவானி குனியக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்கள் எண்ணுங்கோ. சத்தமாய் எண்ணுங்கோ."

நான் நிலத்தில் இருந்து அவளுடைய இடது பாதத்தைப் பிடித்தேன். சூடாக இருந்தது. துடிப்பைத் தேடிப் பிடித்து நிமிர்ந்தபோது, அவள் இரண்டு விரல்களைத் தன் கழுத்தில் வைத்திருந்தாள். கண் சுவர் மணிக்கூட்டில். நான் பாதத்தில் எண்ண, அவள் கழுத்தில் எண்ணினாள், உதடு மட்டும் அசைய. ஒரே இதயம்தானே, இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் வரவேண்டும்.

"அறுபத்திநாலு," என்றேன்.

"ஓம்," என்றாள். "எழுதுங்கோ."

மூன்று மாதத்தோடு டொக்டர் போதும் என்றுவிட்டார். நாங்கள் நிறுத்தவில்லை. இப்போதும் ஞாயிறு காலையில் அவள் கட்டிலில் காலை நீட்டுவாள், நான் நிலத்தில் இருப்பேன். விரல்கள் இன்னும் கழுத்துக்குப் போகின்றன. எடு என்று நான் கேட்டதில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது. ஸ்டொப்வோச்சை அமத்துகிறவனுக்கு நேரம் இரண்டு முனை மட்டும்தான். நடுவில் இருப்பதை மிதிக்கிறவள்தான் அனுபவிக்கிறாள். இப்போது ஒவ்வொரு துடிப்பும் விரலுக்குக் கீழே வந்து போகிறது. முழங்கால் மரத்துப்போகிறது. எனக்கும் வயது போகிறது என்று தெரிகிறது.

போன ஞாயிறு வீதியால் உழவு இயந்திரம் ஒன்று என் சத்தத்தையும் மூடிக்கொண்டு போனது. எண்ணிக்கொண்டிருந்தவன் தடுமாறிவிட்டேன். விரலில் துடிப்பு இருந்தது, எண்தான் போய்விட்டது. கிழமைதோறும் ஐம்பதுக்கும் ஐம்பத்திநாலுக்கும் இடையில் ஒன்று வருகிறது. ஐம்பத்திரண்டு என்று சொல்லியிருக்கலாம். அநேகமாகச் சரியாகவே இருந்திருக்கும். வாய் அதற்குத் தயாராகிவிட்டது, பழகின வாய்.

"விட்டிட்டன்," என்றேன். "எத்தினையெண்டு தெரியேல்லை."

"முப்பத்தேழிலை விட்டனீங்கள்," என்றாள் பவானி, கழுத்திலிருந்து விரலை எடுக்காமல். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான், என்ன சொல்லுவியளெண்டு."

அவள் மணிக்கூட்டில் செக்கன் முள் மேலே வரும்வரை பார்த்திருந்தாள்.

"முதலிலை இருந்து எண்ணுங்கோ."

நான் பாதத்தைத் திரும்பப் பிடித்தேன். ஒன்று, என்றேன்.